அமெரிக்கக் கோடை வேலை: அம்மாவின் நகையை அடகு வைப்பதற்கு முன்

கேள்வி: அக்கா, நான் பினாங்கில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு ஆண்டுப் படிப்பு. வீடு பட்டர்வொர்த்தில். அப்பா இல்லை, அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டர். மாணவர்கள் நீண்ட விடுமுறையில் அமெரிக்கா போய் வேலை செய்து, ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் திட்டத்தில் ஓர் ஏஜென்ட் எனக்கு இடம் பிடித்திருக்கிறார். விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஊரில், தண்ணீர் விளையாட்டுப் பூங்காவோடு சேர்ந்த ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. மணிக்கு 12 டாலர், வாரத்துக்குச் சராசரி 32 மணி நேரம், 12 வாரம். தங்குமிடத்துக்கு வாரம் 130 டாலர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஏஜென்ட் கட்டணம் 7,500 ரிங்கிட், விமான டிக்கெட் 6,000 போல வரும். இருபதாயிரம் ரிங்கிட் வரை சம்பாதிக்கலாம் என்கிறார். இந்த வாரத்துக்குள் 2,000 ரிங்கிட் முன்பணம் கட்டச் சொல்கிறார். அம்மா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார், ஆனால் ராத்திரியில் தூங்குவதில்லை. எனக்கு ஜூலை கடைசியில் பரீட்சை முடிகிறது, அக்டோபர் தொடக்கத்தில் வகுப்பு. போகலாமா? எப்படித் தயாராவது?

பதில்:

தங்கச்சி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வாரம் யாருக்கும் எந்தப் பணமும் கட்டாதே. நகை அம்மாவிடமே இருக்கட்டும்.

திட்டமே மோசடி என்று நினைத்துவிடாதே. அது அமெரிக்க வெளியுறவுத் துறையின் உண்மையான திட்டம்தான், ஜே-1 என்ற விசாவில் போவது. கல்லூரியில் முழுநேரம் படிக்கும் மாணவர்கள், குறைந்தது ஒரு செமஸ்டராவது முடித்தவர்கள், தங்கள் நீண்ட விடுமுறையில் அதிகபட்சம் நான்கு மாதம் வேலை செய்யலாம். வேலைக்காலம் முடிந்தபின் ஊர் சுற்றிப் பார்க்க 30 நாள் கொடுக்கிறார்கள். பதினைந்து வருஷமாகப் பினாங்கில் பிள்ளைகளை இதற்குத் தயார் செய்து அனுப்பி வருகிறேன். பெரும்பாலோர் முகம் மலர்ந்துதான் திரும்பினார்கள். வாடிப்போய் வந்தவர்களும் உண்டு. அவர்கள் அத்தனை பேரும் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிப் போனவர்கள். அதனால்தான் உன்னோடு முதலில் கணக்குப் பேசுகிறேன். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள். அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

இருபதாயிரம் என்று ஏஜென்ட் சொன்னது எங்கிருந்து வந்தது தெரியுமா? 12 டாலர், 32 மணி நேரம்: வாரத்துக்கு 384 டாலர். 12 வாரத்துக்கு 4,608 டாலர். கணக்குச் சுலபமாக இருக்க டாலருக்கு நான்கு ரிங்கிட் என்று போடுகிறேன், நீ அன்றைய மதிப்பைப் போட்டுப் பார்த்துக்கொள். 18,432 ரிங்கிட் வருகிறது. அதைத்தான் அவர் இழுத்து 'இருபதாயிரம் வரை' ஆக்கியிருக்கிறார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது உன் கைக்கு வரும் பணமும் இல்லை.

கைக்கு வருவதைப் பார்ப்போம். மாணவராகப் போகிறவர்களுக்கு அங்கே வருமான வரியில் அந்த ஊர்க்காரர்களுக்கு உள்ள பொதுக் கழிவு கிடைக்காது. அதனால் ஏறத்தாழ முதல் டாலரிலிருந்தே மத்திய வரி 10 விழுக்காடு. அது 38 டாலர். மாநில வரிக்கு ஒரு 10 டாலர் வைத்துக்கொள். மிச்சம் 336. தங்குமிடம் 130 போனால் 206. சமைத்துச் சாப்பிட்டாலும் வாரம் 65 டாலர் ஆகும், இப்போது 141. பஸ், சலவை இயந்திரத்தில் போடும் காசு, கைத்தொலைபேசி எல்லாம் சேர்த்து 21. மிஞ்சுவது வாரம் 120 டாலர். 12 வாரத்துக்கு 1,440 டாலர், அதாவது 5,760 ரிங்கிட்.

செலவுப் பக்கம்: ஏஜென்ட் 7,500, விமானம் 6,000, விசாக் கட்டணம் 185 டாலர், அது 740 ரிங்கிட். ஆக 14,240. கையில் கொண்டுபோகும் பணத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று. ஜூலை கடைசியில்தான் பரீட்சை முடிகிறது என்று எழுதியிருக்கிறாய். அக்டோபர் தொடக்கத்தில் வகுப்பில் இருக்கவேண்டும். அதற்குள் 12 வாரம் எங்கே இருக்கிறது? போய் இறங்கி, பயிற்சி முடித்து, திரும்ப விமானம் ஏறும் நாட்களைக் கழித்தால் உருப்படியாக எட்டு வாரம் கிடைக்கும். எட்டு வாரத்துக்கு 960 டாலர், 3,840 ரிங்கிட். பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் துண்டு விழுகிறது. உன் விடுமுறைத் தேதியைக் கேட்டுக்கொள்ளாமலே 12 வாரம் என்று எழுதிக் கொடுத்த ஏஜென்டிடம் நான் இருந்தால் கொஞ்சம் கடுமையாகவே கேட்டிருப்பேன்.

அந்த எட்டு வாரமும் ஒரே மாதிரி இருக்காது. அமெரிக்காவில் கோடைச் சுற்றுலா செப்டம்பர் முதல் திங்கள்கிழமையோடு, அதாவது அவர்களுடைய தொழிலாளர் தினத்தோடு, தணிந்துவிடும். பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் குடும்பங்கள் வருவது குறையும். தண்ணீர்ப் பூங்காவை நம்பியிருக்கும் ஊரில் அதன் பிறகு வார நாட்களில் அறைகள் காலியாகக் கிடக்கும். அப்போது 32 மணி நேரம் 20 ஆகலாம். அறை வாடகை மட்டும் 130 டாலரிலேயே நிற்கும்.

இங்கே இரண்டு மாதம் கணினிக் கடையிலோ புத்தகக் கடையிலோ வேலை செய்தால் என்ன கிடைக்கும்? குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். இரண்டு மாதத்துக்கு 3,400. வீட்டுச் சாப்பாடு, அம்மா கையால். அமெரிக்காவில் எட்டு வாரத்தில் மிஞ்சுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால், சம்பாதிக்கப் போகிறேன் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடு. பத்தாயிரம் ரிங்கிட் செலவு செய்து ஒரு நாட்டை உள்ளே இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் அது நல்ல காரணம். அதற்கான பணம் சேர்த்து வைத்ததாக இருக்கவேண்டும். அடகுக்கடைச் சீட்டாக இருக்கக்கூடாது.

இரண்டாவது வேலை பார்த்தால் சரியாகிவிடும் என்று ஏஜென்ட் சொல்வார். பலர் பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த வேலையையும் ஸ்பான்சர் விசாரித்து அனுமதித்த பிறகுதான் தொடங்கலாம். போன இடத்தில் கிடைத்தால் சந்தோஷம். கணக்கில் அதைச் சேர்க்காதே.

இந்த ஸ்பான்சர் யார் என்பது உனக்குத் தெரியவேண்டும். உன் கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. இங்கே உன்னிடம் பேசும் ஏஜென்ட் ஓர் உதவியாளர் மட்டும். உனக்குப் பொறுப்பு அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம். வேலையைச் சரிபார்ப்பது, டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் தருவது, நீ அங்கே இருக்கும்போது மாதா மாதம் உன்னைத் தொடர்புகொண்டு விசாரிப்பது எல்லாம் அவர்கள் கடமை. நம்மைப் போல விசா எடுத்துப் போகவேண்டிய நாட்டு மாணவர்களுக்கு வேலை முன்கூட்டியே உறுதியாகியிருக்கவேண்டும் என்பது விதி. வேலை சரிபார்க்கப்படாமல் அந்தப் படிவம் வராது. படிவம் இல்லாமல் விசா இல்லை.

ஆகவே ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேள். வாட்ஸ்அப் குரல் செய்தி வேண்டாம், எழுத்தில் வேண்டும். ஸ்பான்சர் யார்? 7,500 ரிங்கிட்டில் எது எதற்கு எவ்வளவு? விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும்? கட்டண விவரத்தைப் பிரித்துக் காட்டச் சொல்ல உனக்கு உரிமை உண்டு, இந்தத் திட்டத்தின் விதியிலேயே அது இருக்கிறது. செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களைப் பதிந்து வைக்கும் அமெரிக்க அரசின் பதிவேடு. அதன் கட்டணம் கோடை வேலை மாணவர்களுக்கு 35 டாலர்தான். அது அந்த 7,500இல் அடக்கமா, தனியா என்றும் கேள். ஸ்பான்சர் பெயர் கிடைத்ததும் வெளியுறவுத் துறையின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று பார். இருந்தால் அவர்களுக்கே நேராக ஒரு மின்னஞ்சல் போடு: மலேசியாவில் இவர் உங்கள் பங்காளியா, இந்த வேலை உங்கள் பட்டியலில் உள்ளதா என்று. பதில் வரும்வரை பணம் நகரக்கூடாது. தனிநபர் வங்கிக் கணக்கில் கட்டச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்.

'இந்த வாரத்துக்குள்' என்ற அவசரத்துக்கு ஒரு வார்த்தை. ஒரு தம்பி சில ஆண்டுகளுக்கு முன் வேலை ஒப்பந்தத் தாளோடு என்னிடம் வந்தான். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் மணிக்கு எவ்வளவு என்பதை ஏஜென்ட் மஞ்சள் மையால் பளிச்சென்று தீட்டியிருந்தார். நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். வாராந்தர வேலை நேரம் என்ற கட்டத்தில் 'சராசரி 32' என்று இருந்தது, அதற்கு அடுத்த கட்டத்தில் 'குறைந்தபட்சம் 20'. தீட்டாமல் விட்ட வரி அதுதான். அவன் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அன்றைக்குத்தான் கடைசி நாள் என்று சொல்லியிருந்தார்களாம். அவன் கட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே ஏஜென்ட் அதே வேலையை அவனுடைய நண்பனுக்கு விற்றுக்கொண்டிருந்தார். உன் தாளிலும் 'சராசரி' என்றுதான் இருக்கிறது. குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் உறுதி என்று கேள். அந்த ஒரு எண்ணில்தான் மற்ற எல்லாம் தொங்குகிறது.

ஓவர்டைம் பற்றியும் கனவு காணாதே. அமெரிக்கச் சட்டத்தில் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு என்பது பொது விதி. ஆனால் பருவகாலப் பொழுதுபோக்கு இடங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பூங்கா ஊருக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அறை சுத்தம் செய்யும் வேலையைக் கேவலமாக நினைக்காதே, நீ நினைக்கவில்லை என்றும் தெரியும். ஹோட்டல் வேலை அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் வேறு எதையாவது மாற்றிக் கொடுத்தால் எது கூடாது என்று தெரிந்திருக்கவேண்டும். 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் சாக்லெட் அடைக்கும் ஒரு கிடங்கில் இதே திட்டத்தில் போன மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கனமான பெட்டிகள், ராத்திரி ஷிப்டு, வாடகை பிடித்தம் போகக் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்பது அவர்கள் புகார். 2012இல் விதிகளை இறுக்கினார்கள். இப்போது கிடங்கு, தொழிற்சாலை, கட்டுமானம், மீன் பதப்படுத்துவது, தனியார் வீட்டில் பிள்ளை பார்ப்பது, சூதாட்ட மேசை, பெரும்பகுதி இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் வரும் வேலை எல்லாம் தடை. போன இடத்தில் முதலாளி 'இரண்டு வாரம் கிடங்கில் நில்லு' என்றால் முடியாது என்று சொல்ல உனக்குச் சட்டம் துணை இருக்கிறது.

சரி, அப்படியானால் போகவே கூடாதா? என் கருத்தைக் கேட்டால், இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷத்துக்கு இப்போதிருந்தே தயாராகு. நான்கு ஆண்டுப் படிப்பு என்பதால் மூன்றாம் ஆண்டு முடித்தும் நீ மாணவிதான். நல்ல வேலைகளுக்கு முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் எடுக்கத் தொடங்குவார்கள். உன் விடுமுறை ஆகஸ்ட், செப்டம்பர்தான் என்றால் அதற்கேற்ற ஊரைத் தேடு. மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர், டென்னசியில் காட்லின்பர்க் போன்ற ஊர்களுக்கு இலையுதிர் நிறம் பார்க்க அக்டோபர் வரை கூட்டம் வரும். அங்கே செப்டம்பரில் வேலை குறையாது. கோடைக்கு வந்த மற்ற மாணவர்கள் ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பிவிடுவதால், செப்டம்பர் கடைசிவரை இருக்கக்கூடிய மலேசிய மாணவியை முதலாளிகள் விரும்பி எடுப்பார்கள். ஏஜென்டிடம் பேசும்போது இதை வாய்விட்டுச் சொல், அது உன் பலம்.

சம்பளத்திலும் மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மத்திய அரசின் குறைந்தபட்சம் 2009இலிருந்து மணிக்கு 7.25 டாலரில் நிற்கிறது, விஸ்கான்சினும் டென்னசியும் அதோடு நின்றுவிட்டன. மேய்னில் 2025இல் 14.65 டாலர். ஆனால் அங்கே தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலாளியே அறை தரும் வேலையாகப் பார்.

அடுத்தது விசா. நேர்காணல் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில்தான். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் நான்கு மணி நேரம் போல ஆகும். அதே நாள் காலையில் ஏறி ஓடாதே. முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கு. பெரிய பை, மடிக்கணினி எல்லாம் விட்டுவிட்டுப் போ. கடப்பிதழ், டிஎஸ்-2019, டிஎஸ்-160 என்ற இணைய விசா மனுவின் உறுதித் தாள், செவிஸ் ரசீது, வேலை ஒப்பந்தம், பல்கலைக்கழகக் கடிதம், இவை ஒரு மெல்லிய கோப்பில் அடங்கிவிடும்.

அதிகாரி உன்னிடம் பேசுவது சில நிமிஷம்தான். சட்டப்படி அவர் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றே: இந்தப் பெண் திரும்பிப் போவாளா? அதற்கு உன் பதில் அக்டோபரில் உனக்காகக் காத்திருக்கும் மூன்றாவது ஆண்டோ நான்காவது ஆண்டோதான். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த பத்தியை மனப்பாடம் செய்யாதே. ஒரு தம்பியை உட்காரவைத்து நானே அதிகாரி மாதிரி கேட்டுப் பார்த்தேன். அமெரிக்கப் பண்பாட்டை அனுபவிக்க ஆசை என்று ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். 'ஒரு நாளைக்கு எத்தனை அறை சுத்தம் செய்யவேண்டும்?' என்று கேட்டேன். விழித்தான். பிறகு அவனுடைய படிப்பைப் பற்றிக் கேட்டேன். சுங்கை பிறை தண்ணீரை எடுத்துச் சோதிக்கும் தன் ப்ராஜெக்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான் பாரு, குரலே மாறிவிட்டது. தடுமாற்றமான ஆங்கிலம்தான், ஆனால் அது அவனுடையது. 'அங்கே போய் இதைத்தான் சொல்லு' என்றேன். விசா கிடைத்தது. நீயும் உன் வேலை என்ன, முதலாளி யார், எந்த ஊர், எப்போது திரும்புகிறாய், இதை உன் சொந்த வார்த்தையில் சொல்லிப் பழகு. வேலை பார்க்கப் போவதை மறைத்து 'சுற்றிப் பார்க்க மட்டும்' என்று சொல்லச் சொன்னாலோ, காலம் முடிந்தபின் தங்கிக்கொள்ளலாம் என்று காதில் ஓதினாலோ, அந்த ஆளோடு ஒரு அடிகூடப் போகாதே. தூதரகத்தில் சொல்லும் ஒரு பொய் ஆயுளுக்கும் உன் பெயரோடு வரும்.

புறப்படும் முன் செய்யவேண்டியவற்றில் பலர் விடுவது பல். காப்பீடு கட்டாயம். ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 100,000 டாலர் இருக்கவேண்டும் என்பது விதி. ஆனால் ஒவ்வொரு முறையும் 500 டாலர் வரை உன் கையிலிருந்து போகலாம். பல் வலி, ஏற்கெனவே உள்ள நோய் பெரும்பாலும் அதில் சேராது. பினாங்கில் அரசாங்கப் பல் கிளினிக்கில் சில வெள்ளியில் முடிகிற வேலைக்கு அங்கே நூற்றுக்கணக்கான டாலர் கேட்பார்கள். இங்கேயே பார்த்துவிட்டுப் போ. காய்ச்சல் வந்தால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓடாதே, அங்கே 'அர்ஜென்ட் கேர்' என்று தெருவோரக் கிளினிக் இருக்கும், செலவு மிகக் குறைவு.

சாப்பாட்டு மூட்டை கட்டும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொல், கறிவேப்பிலை வேண்டாம் என்று. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வருவதால் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா உள்ளே விடாது. இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம், கோழி சுவை மீ பாக்கெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மசாலாத் தூள், சாம்பார்ப் பொடி பாக்கெட்டாகக் கொண்டு போகலாம். எதைக் கொண்டு போனாலும் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடு. எழுதினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். வீட்டு ரைஸ் குக்கரையும் விட்டுவிடு. நம் மின்சாரம் 240 வோல்ட், அங்கே 120. சோறு வேகவே வேகாது. கைத்தொலைபேசி சார்ஜர் இரண்டிலும் வேலை செய்யும், தட்டையான இரண்டு முள் அடாப்டர் மட்டும் வேண்டும்.

அப்புறம் கையில் ஐந்நூறிலிருந்து எண்ணூறு டாலராவது இருக்கவேண்டும். முதல் சம்பளம் இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் அறைக்கு வைப்புத்தொகை கேட்பார்கள், சமையல் பாத்திரம் வாங்கவேண்டியிருக்கும், மழைக்கு ஒரு கோட் வேண்டியிருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, அம்மாவுக்கு ஒரு அழைப்பு. இரண்டாவது, ஸ்பான்சரிடம் வந்துவிட்டேன் என்று முகவரியோடு பதிவு செய்வது, 10 நாளுக்குள். அதன் பிறகு, அங்கே சம்பளக் கணக்குக்கு வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு, அதற்கான அரசு அலுவலகத்தில் மனு. இலவசம்தான், யாரும் காசு கேட்டால் கொடுக்காதே. எண் வருவதற்குள் வேலை தொடங்கத் தடையில்லை, மனு கொடுத்த அத்தாட்சியை முதலாளியிடம் காட்டினால் போதும்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் படம் எடுத்து வைத்துக்கொள். போன வருஷங்களில் ஒரு பெண் எனக்கு அனுப்பினாள், 'அக்கா, வரி ரொம்பப் போகிறதே' என்று. பெரிதாக்கிப் பார்த்தேன். மத்திய வரிக்கு அடியில் இன்னும் இரண்டு வரி: சோஷியல் செக்யூரிட்டி 6.2 விழுக்காடு, மெடிகேர் 1.45 விழுக்காடு. இந்த இரண்டும் ஜே-1 மாணவர்கள் கட்டவேண்டியதே இல்லை. சம்பளப் பிரிவில் இருந்தவர் உள்ளூர்ப் பணியாளர்போல் போட்டுவிட்டார். அவள் டிஎஸ்-2019ஐ எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள், அடுத்த சீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். உன் 384 டாலர் சம்பளத்தில் அது வாரத்துக்கு 29 டாலர், கிட்டத்தட்ட அரை வாரச் சாப்பாடு. முதல் நாள் வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 படிவம் நிரப்பும்போதே அந்த நாட்டில் குடியிருப்பவர் அல்லாத வெளிநாட்டு மாணவி என்று தெளிவாக எழுது. அடுத்த ஜனவரி முடிவதற்குள், உன் மொத்தச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 என்ற தாள் வரும். அதை வைத்து ஏப்ரல் 15க்குள் 1040-என்ஆர் என்ற வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யவேண்டும். அதற்காக முதலாளியிடம் பட்டர்வொர்த் முகவரியைக் கொடுத்துவிட்டு வா. கூடுதலாகப் பிடித்திருந்தால் அப்போது திரும்ப வரும்.

அம்மாவின் தூக்கத்துக்கு வருகிறேன். அவர் பயப்படுவது பணத்துக்காக மட்டும் இல்லை, உனக்கும் தெரியும். நம் ஊரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழை முதலாளி வாங்கிப் பூட்டி வைப்பதைப் பார்த்துப் பழகியவர் அவர். தொழிற்சாலையில் தினமும் பார்த்திருப்பார். இங்கேயும் அது சட்டப்படி குற்றம்தான், அங்கேயும் குற்றம். யார் கேட்டாலும் கடப்பிதழைக் கொடுக்காதே. எடுத்துக் காட்டலாம், கையைவிட்டுப் போகக்கூடாது. விசா நேர்காணலில் தொழிலாளர் உரிமை பற்றிய கையேடு ஒன்று தருவார்கள். அதில் உள்ள உதவி எண்ணை அம்மாவின் கைத்தொலைபேசியிலும் பதிந்து வை. அறையில் எத்தனை பேர், எத்தனை கட்டில், கதவுக்குப் பூட்டு உண்டா, வேலையிடத்துக்கு நடந்து போகலாமா, ராத்திரி எப்படித் திரும்புவது, இவற்றைப் புறப்படும் முன்பே ஸ்பான்சரிடம் எழுதிக் கேள். சென்ற ஆண்டு அதே ஹோட்டலில் வேலை செய்த மாணவி ஒருத்தியிடம் பேசவேண்டும் என்று கேட்டுப் பார். நல்ல ஸ்பான்சர் ஏற்பாடு செய்வார்கள். அந்த அழைப்பை ஸ்பீக்கரில் போடு, அம்மாவும் கேட்கட்டும். எத்தனையோ அம்மாக்களுக்கு நான் ஒரு மணி நேரம் விளக்கியும் தெளியாதது, அந்த ஊரில் இருந்து வந்த ஒரு பெண்ணின் குரலில் ஐந்து நிமிஷத்தில் தெளிந்திருக்கிறது. வேலையோ அறையோ சொன்னபடி இல்லை என்றால் நீயாக ஊர் மாறிவிடாதே. ஸ்பான்சரிடம் சொல், வேறு வேலை தேடித் தருவதில் உதவுவது அவர்கள் பொறுப்பு. சொல்லாமல் விலகினால் விசாவே போய்விடும்.

இந்த விடுமுறையில் பினாங்கிலேயே வேலை பார். கிடைப்பதைத் தனிக் கணக்கில் போடு. வருஷம் முழுக்க வாரக் கடைசி வேலையும் சேர்ந்தால் அடுத்த ஆண்டுக்குள் பெரும்பகுதி சேர்ந்துவிடும். குறைந்தால் எவ்வளவு குறைகிறது என்று அப்போது பேசுவோம், அம்மாவின் தாலிக்கொடியைத் தொடாமல்.

இப்போதைக்கு அந்த ஏஜென்டுக்கு மின்னஞ்சலை எழுது. ஸ்பான்சர் பெயர், கட்டண விவரம், குறைந்தபட்ச வேலை நேரம், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். பதில் வந்ததும் ஒப்பந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து எனக்கு ஒரு பிரதி அனுப்பு.